நான்காம் வரிசை எலிகள்

மார்ச் பதினோராம் தேதி முற்பகல், மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் உள்ள விலங்குக் கூடத்தில், நான்காம் வரிசைக் கூண்டுகளில் இருந்த எலிகள் அறுக்கப்பட்டு அவற்றின் கல்லீரல்கள் சோதிக்கப்பட்டன. கல்லீரல்கள் பழுதில்லாமல் இருந்தன.

அன்று மாலை, அந்த எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்கிற எலிக்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பை உதறிய வேகத்தைப் பார்த்தால் அறுபட்டதும் ஜெயித்ததும் அவரே என்று தோன்றும்.

அவருடைய மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சிவந்துபோன முன்கைகளைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். அதே கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையில், சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. துவைத்துப் பிழிந்து வரும் கட்டில் விரிப்புகளை இரண்டு பெண்கள் இரு முனையில் விறைப்பாகப் பிடித்து, சுடுகிற உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஒரு முனை தளர்ந்தால் துணி உள்ளே மடிந்து கருகிப்போகும். ஊட்டுகிறவர்கள் அசந்துவிடாமல் அதட்டிக்கொண்டே நிற்பது அவள் பொறுப்பு. அங்கே அவளுக்கு மேஸ்திரி அக்கா என்று பேர். புருஷன் அந்தப் பேரைக் கிண்டலுக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, வாயைத் திற."

"என்ன விசேஷம்?"

"திறன்னா திற. ஜெயிச்சாச்சு."

"யாரு?"

"நானும் எங்க சாரும். நாலாம் வரிசை ஈரல் ஒண்ணொண்ணும் செங்கல் நிறத்துல பளபளன்னு இருக்கு. ரெண்டாம் வரிசை பார்க்கவே சகிக்கலை. வெளுத்து, வீங்கி, தொட்டா விரல்ல பிசுபிசுங்குது. சார் என் தோள்ல கையைப் போட்டாரு தெரியுமா? எல்லார் முன்னாடியும்."

"நீங்க எடுத்துக்கலையா?"

"வேண்டாம். வெண்ணெய் சேர்த்திருப்பான். எனக்கு ஆகாது."

விலங்குக் கூடத்தில் நான்கு வரிசைக் கூண்டுகள். கூண்டின் மேல் தலைகீழாகத் தொங்கும் புட்டியிலிருந்து எலி குடிக்க வேண்டும். முதல் வரிசைக்குத் தண்ணீர். இரண்டாம் வரிசைக்குச் சாராயம் கலந்த தண்ணீர். மூன்றாம் வரிசைக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைப் பொடித்துப் போட்ட தண்ணீர். நான்காம் வரிசைக்குச் சாராயமும் மாத்திரையும் சேர்ந்தது. கல்லீரல் சாராயத்தை எரிக்கும்போது உள்ளே பொறி பறக்கிறது. பொறியை அவிக்கும் பொருள்களைக் கல்லீரலே சேர்த்து வைத்திருக்கிறது. குடிக்கிறவனுக்கு அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கொழுப்பு மாத்திரை அந்தச் சேமிப்பைத் தீராமல் காக்கும் என்பது ஆய்வை நடத்தும் பேராசிரியரின் கட்சி. எலி வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அதை மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலிகள்தான் தாமதமாக வந்து ஒத்துக்கொண்டன.

எலிக்காரர் இதை எல்லாம் தம் பாஷையில் புரிந்துவைத்திருந்தார்.

"உள்ள ஒரு தீயணைப்புப் படை இருக்கு. சாராயம் போனா தீ பிடிக்கும். படை ஓடி ஓடி அணைக்கும். படைக்கும் களைப்பு வரும்ல? அங்கதான் மாத்திரை. படைக்குச் சாப்பாடு போடுற மாதிரி. ரெண்டும் சேர்ந்து போனா ஒண்ணும் ஆகாது. இன்னிக்கு நிரூபணம் ஆயிடுச்சு." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டார். "உனக்கு ஒரு விஷயம் சொல்லவா? இத்தனை மாசமா நான் எப்படி இவ்வளவு தெம்பா இருக்கேன்னு நினைச்சே?"

"தெம்பாவா இருக்கீங்க?"

"நானும் நாலாம் வரிசைதான்."

அவள் குழாயை மூடினாள்.

சில மாதங்களாகவே அவர் சட்டையில் ஒரு வாடை இருந்தது. கேட்டதற்குக் கூண்டு துடைக்கிற திரவம் என்றார். பகல் முழுக்க ஊராரின் அழுக்குத் துணி வாடையில் நிற்பவளுக்கு எது எங்கே ஒட்டிய வாடை என்று தெரியாமல் போகாது. துணியில் இருந்ததைவிட மூச்சில்தான் அதிகம் இருந்தது. ஆனால் இந்த மனிதரைச் சந்தேகப்படத் தனித் துணிச்சல் வேண்டும். மதுக்கடைப் படி மிதிக்காதவர் என்று தெருவில், உறவில், வேலையிடத்தில் பேர் வாங்கியவர். கல்யாண வீட்டில் யாராவது புட்டியைத் திறந்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். உள்ளே திரும்பி வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அவரைக் கூப்பிடாமல் விட்டவர்கள் உண்டு.

"எலிக்கு வைக்கிறதையா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதுன்னு சொல்லாதே. எனக்குக் கொழுப்பு இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு இல்ல? அதே மாத்திரைதான் புட்டியில ஊத்தக் கலந்து வைக்கிற கேன்லயும் இருக்கு. காலையில நான்தான் இடிச்சுக் கலக்கறேன். தனியா வேற எதுக்கு முழுங்கணும்னு என் மாத்திரையை நிறுத்திட்டேன். கேன்லேர்ந்து ரெண்டு டம்ளர் எடுத்துக்குவேன். சாயங்காலம் ரெண்டு. சர்க்கரை போட்டிருக்கும். இல்லன்னா எலி வாய் வைக்காது."

"ரெண்டாம் வரிசைக் கேன்?"

எலிக்காரருக்கு முகம் சுருங்கியது. "சீ! அது வெறும் சாராயம். நான் என்ன குடிகாரனா?"

"அப்ப நாலாம் வரிசை எலி எதைக் குடிச்சுது?"

"அதுக்கும் இருக்குமே."

"நீங்க எடுத்தது போக?"

"எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்திடுவேன். சர்க்கரையும் போடுவேன். நான் என்ன மனசாட்சி இல்லாதவனா, வாயில்லாப் பிராணி தாகத்தோட இருக்கட்டும்னு விடுறதுக்கு?"

"கேனைக் கலக்கி எடுப்பீங்களா, அப்படியேவா?"

"கலக்குனா கலங்கலா வரும். தூள் அடியில தங்கட்டும்னு விட்டு, மேல தெளிஞ்சதை எடுப்பேன்."

அவள் கை துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு உருளையில் கை போகாமல் துணி ஊட்டக் கற்றுக்கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"மாத்திரை எல்லாம் எலிக்குப் போச்சு. சாராயம் எல்லாம் உங்களுக்கு வந்துச்சு. அதோட ஈரல் நல்லாத்தான் இருக்கும். அது சர்க்கரைத் தண்ணிதானே குடிச்சிருக்கு."

எலிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கடன் கேட்டு வந்தவன் முகம்போல ஆகிவிடும். பிறகு தெளிந்தார்.

"அவ்வளவு பெரிய சார் சொல்றாரு, ஒண்ணும் ஆகாதுன்னு. நீ துணிக்குப் பெட்டி போடுறவ."

"அவரு அந்த எலியைப் பார்த்துத்தானே சொல்றாரு?"

"ஆமா."

"அந்த எலியை அப்படி ஆக்குனது நீங்கதானே?"

"அதைத்தானே நானும் சொல்றேன்! என்னாலதான் ஜெயிச்சோம்னு."

இதற்குமேல் அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, அந்த எலிகளில் ஒன்றைப் பிழைக்கவைத்துச் சொல்லியிருந்தால் சீக்கிரம் புரிந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவித்த முட்டை வைத்தாள். அவர் வழக்கம்போல மஞ்சள் கருவை விரல் நுனியால் நோண்டி எடுத்து அவள் தட்டில் போட்டார். "விஷம்" என்றார்.

மறு மாதமே பேராசிரியர் இன்னும் பெரிய ஆய்வு தொடங்கினார். கூண்டுகள் கூடின, கேன்கள் கூடின. எலிக்காரரின் தாகமும் கூடியது. முன்பெல்லாம் ஒளிந்து எடுத்தவர் இப்போது உரிமையோடு எடுத்தார், நிரூபணம் ஆகிவிட்டதே. எலியின் ரத்தத்தில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கருவி இருந்தது. அதை யாரும் இயக்கவில்லை. வேண்டிய விடை வந்துவிட்ட இடத்தில் எதற்கு வீண் செலவு?

மேஸ்திரி அக்கா சும்மா இருக்கவில்லை. முதலில் நாத்தனாரிடம் போனாள். எலிக்காரருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள், தம்பியைத் தவிர உலகத்தில் எல்லாருக்கும் குறை கண்டுபிடித்தவள்.

"அண்ணி, அவர் வேலை செய்யற இடத்துல குடிக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

நாத்தனார் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு? என் தம்பியா?"

"ஆமா அண்ணி."

"ஏம்மா, எங்கப்பா குடிச்சே செத்தாரு. அதைப் பார்த்து வளர்ந்த புள்ளை அவன். குடிக்கிறவனைக் கண்டா அந்தப் பக்கமே போக மாட்டான். உனக்கு என்ன வந்துச்சு? வீட்டுல ஒழுங்கா சோறு போடுறியா?"

"போடுறேன் அண்ணி."

"அப்புறம் ஏன் இளைச்சுட்டான்?"

"குடிச்சுத்தான் இளைச்சுட்டாரு."

"பாரு, மறுபடியும் அங்கேயே வர்றா! ஒரு நல்ல மனுஷன் கிடைச்சா இவங்களுக்கு எல்லாம் செரிக்காது." ஊசி டகடகவென்று ஓடியது.

அந்தக் கோடையில் வெயில் சலவைக் கூடத்தின் தகரக் கூரையைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மறுத்தது. உள்ளே உருளையின் சூடு, கொதிநீரின் ஆவி, மேலே தகரம். பெண்கள் தலையில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். துணி ஊட்டுகிற பெண்களில் வாயாடி என்று பேர் வாங்கியவள் ஒருத்தி, "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் காலையில பார்த்தேன். கண்ணுல என்ன, மஞ்சத் தண்ணி பட்டிருக்கா?" என்று கேட்டாள்.

அன்று ஆள் குறைவு என்று ஒரு முனையைத் தானே பிடித்திருந்த மேஸ்திரி அக்காவின் கை ஒரு நொடி தளர்ந்தது. விரிப்பு உள்ளே மடிந்து புகைந்தது.

வீட்டு விளக்கில் அது தெரிந்திருக்கவில்லை. அன்று மதியமே ஓடிப்போய் விலங்குக் கூடத்தின் வாசலில் அவரை வெயிலில் நிறுத்திப் பார்த்தாள். கண் முட்டைக் கருபோல இருந்தது. இவ்வளவு நாளும் நோண்டி எடுத்து அவள் தட்டில் போட்டது எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மூன்றாம் நாள் காலை வார்டு டாக்டரம்மா சுற்று வந்தாள். சின்னப் பெண், தூக்கம் கெட்டுக் கெட்டுக் கண்ணுக்குக் கீழே வளையம். நாத்தனார் ஆரஞ்சுச் சாறோடு கட்டில் தலைமாட்டில் காவல் இருந்தாள். மேஸ்திரி அக்கா கால்மாட்டில் நின்றாள்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"ஐயோ டாக்டரம்மா, என்ன வார்த்தை கேட்டுட்டீங்க!" என்றாள் நாத்தனார். "கடைப் படி மிதிக்காதவன். யாரை வேணா கேளுங்க."

"அவரையே கேக்கிறேன். சொல்லுங்க."

"கடைப் படி மிதிச்சதில்லை" என்றார் எலிக்காரர். அது உண்மை. உண்மையைச் சொன்ன நிம்மதியோடு கண்ணை மூடினார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"கொழுப்பு மாத்திரை. ரொம்ப நாளா."

டாக்டரம்மா எழுதினாள். "நூத்துல யாருக்காவது அந்த மாத்திரை ஒத்துக்காம ஈரலைத் தொந்தரவு பண்றது உண்டு. கிருமி எதுவும் இல்லைன்னு பரிசோதனை வந்தாச்சு. குடியும் இல்லைங்கறீங்க. அப்ப மாத்திரையைத்தான் சந்தேகப்படணும். அதை நிறுத்திடலாம்."

"பாத்தியா, நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் நாத்தனார். அவள் எதை எப்போது நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எலிக்காரர் கண்ணைத் திறந்தார். சாப்பிடாத மாத்திரையின் தலையில் பழி விழுந்ததில் அவருக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை.

அந்த நேரத்தில் பேராசிரியர் வந்தார். தம் கூடத்து ஆள் படுத்திருக்கிறான் என்று பார்க்க வந்தவர், "மாத்திரை" என்ற சொல் காதில் விழுந்ததும் நோயாளியை மறந்துவிட்டார்.

"மாத்திரையா? வாய்ப்பே இல்லை டாக்டர். அது ஈரலைக் காப்பாத்துற மருந்து. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"எலிகிட்ட, சார்."

"எலிக்கும் ஈரல்தானே? என் கட்டுரை அச்சுக்குப் போயிருக்கு. இந்த நேரத்துல என் கூடத்து ஆளுக்கே மாத்திரையால காமாலைன்னு நீங்க எழுதினா நல்லா இருக்குமா?"

"அப்ப எதனாலங்கறீங்க?"

"குடிதான். வேற என்ன? இந்த ஆளுங்க எல்லாரும் குடிக்கிறவங்க. சொல்ல மாட்டாங்க."

"சார்!" என்றார் எலிக்காரர். தோளில் விழுந்த கையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, படுத்தபடியே தோளைத் தடவிக்கொண்டார். "என்னைப் போய்..."

நாத்தனார் எழுந்துவிட்டாள். "யாரைப் பார்த்துக் குடிகாரன்கறீங்க? படிச்சவரு பேசற பேச்சா இது? மாத்திரைன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!"

"சொல்லலை, சந்தேகப்படறேன்" என்றாள் டாக்டரம்மா. "எதுவா இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்கங்க. இந்தத் தடவை ஈரல் தேறி வர்றதுக்கு இடம் இருக்கு. எது கெடுத்துச்சோ அதை விட்டாத்தான். விடாம இன்னொரு தடவை இந்தக் கட்டிலுக்கு வந்தா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மாத்திரையை நிறுத்தியாச்சு. ஒரு வாரத்துல வீட்டுக்கு, அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம்."

வேலைக்கு என்றதும் எலிக்காரரின் முகத்தில் வந்த களையை மேஸ்திரி அக்கா பார்த்தாள். மாத்திரையை நிறுத்தியாயிற்று, இனிக் கேன்தான். இந்த மூன்று பேரும் சேர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டே, அவரைப் பாடையில் ஏற்றிவிடுவார்கள். சொன்னால் வேலை போகும், பேர் போகும், அவர் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் ஆளே இருக்க மாட்டார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்."

எலிக்காரர் போர்வைக்கு வெளியே கையை நீட்டி அவள் புடவையைப் பிடித்தார். அவள் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

"இவர் குடிக்கிறாரு. கடையில இல்லை. விலங்குக் கூடத்துல. எலிக்குக் கலந்து வைக்கிற கேன்லேர்ந்து, காலையில ரெண்டு டம்ளர், சாயங்காலம் ரெண்டு டம்ளர். இப்ப அதுக்கும் மேல. மாத்திரையை எப்பவோ நிறுத்திட்டாரு. கேன்ல மாத்திரை இருக்கு, அதுவே போதும்னு."

பக்கத்துக் கட்டில்காரர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை இறக்கினார். பேராசிரியர் ஓர் அடி முன்னே வந்தார்.

"எந்த வரிசைக் கேன்?"

"நாலாம் வரிசை."

"ரெண்டாம் வரிசையா இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ரெண்டுதானே?"

"ரெண்டைத் தொட மாட்டாரு சார். அது வெறும் சாராயம். இவர் சாராயம் குடிக்க மாட்டாரு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தி வெச்சிடுவாரு" என்றாள் மேஸ்திரி அக்கா. "போன ஆய்வு எலிங்க குடிச்சதும் அதுதான்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். கண்ணாடி போட்டதும் அவருக்கு வேறொன்று தெரிந்தது.

"டாக்டர், கிருமியா இருக்கலாம் இல்லையா?"

"இப்பத்தான் குடின்னீங்க."

"காமாலைன்னா முதல்ல கிருமியைத்தானே பார்க்கணும்?"

"பார்த்தாச்சு சார். இல்லை."

"பரிசோதனையில தப்பு நடக்கும். இன்னொரு தடவை பாருங்க."

"உங்க எலிக்கும் இன்னொரு தடவை பார்க்கலாமா சார்?" என்றாள் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே.

நாத்தனார் ஆரஞ்சுச் சாற்றை ணங்கென்று மேசையில் வைத்தாள். "பொய்!" என்றாள். "இவ வேணும்னே சொல்றா. தம்பி, நீ சொல்லுடா."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேராசிரியர் மேஸ்திரி அக்காவை நடைபாதைக்குக் கூப்பிட்டார். மருந்து வண்டி போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தணித்தார். இதுவரை அவளை நேரில் பார்த்துப் பேசியதே இல்லை. இப்போது அம்மா, அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

"பதட்டத்துல சொல்லிட்டீங்கம்மா. புரியுது. உள்ள போய், கோபத்துல சொன்னேன், எனக்குச் சரியாத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவரை நான் பார்த்துக்கறேன். கூடத்துக்கே மேற்பார்வையாளரா ஆக்கிடறேன். சாவி அவர்கிட்டயே இருக்கும்."

"எந்தச் சாவி சார்?"

"சரக்கு அலமாரிச் சாவி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு படித்தவர் தெரிந்து சொல்கிறாரா தெரியாமல் சொல்கிறாரா என்று பார்த்தாள். தெரியாமல்தான் சொன்னார். அவருக்கு எலிக்காரரின் ஈரல் நினைவிலேயே இல்லை.

"அவரைச் சலவைக் கூடத்துக்கு மாத்துங்க. எதுவும் நடக்காத மாதிரி நான் வாயை மூடிக்கறேன்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேலும் ஒரு அருவருப்பு வந்தது.

பேராசிரியர் யோசித்தார். வார்டுக்குள் போய் எலிக்காரரைக் கேட்டார். எலிக்காரர் சுவரிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னார்: "பொண்டாட்டி அதட்ட, அவ கீழ நின்னு துணி மடிக்கிறதுக்கு நான் செத்தே போவேன் சார்."

பேரம் அங்கேயே முறிந்தது. எப்படியும் நேரம் கடந்துவிட்டிருந்தது. கல்லூரிச் சரக்கு நோயாளியின் வயிற்றில் இருக்கிறது என்று டாக்டரம்மா மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டாள்.

விசாரணை ஒரு நாள் நடந்தது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். மேஸ்திரி அக்காவை நிற்கவைத்துக் கேட்டார்கள். அவள் வார்டில் சொன்னதையே சொன்னாள். பேராசிரியரை உட்காரவைத்துக் கேட்டார்கள். ஊழியர் குடித்தது எலிகள் குடித்து முடித்த பிறகு புட்டிகளில் எஞ்சிய மிச்சத்தைத்தான், ஆய்வின் முடிவுகளுக்கு அதனால் எந்தப் பங்கமும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஆக, தன் ஆள் எலியின் எச்சிலைக் குடித்தான் என்று சொல்லித்தான் அவர் தம் கௌரவத்தைக் காத்துக்கொண்டார். பெரியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எலிக்காரரின் வேலை போயிற்று. கட்டுரை அச்சில் வந்தது.

வேலை போன அன்று நாத்தனார் வந்து வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்றாள்.

"புருஷனை ஊர் சிரிக்க வெச்சுட்டியே, இப்பத் திருப்தியா?"

"உயிரோட இருக்காரு அண்ணி."

"மானம் போன உயிரு எதுக்கு?"

"அதை அவரைக் கேளுங்க."

எலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணின் மஞ்சள் பாதி வெளுத்திருந்தது. மனைவிக்குக் கேட்கவேண்டியதை எல்லாம் அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, இவ சொன்னது பொய்யின்னு ஊருக்கு நான் காட்டறேன். இனிமே ஒரு சொட்டு என் உதட்டுல பட்டுச்சுன்னா என்னைச் செருப்பால அடி."

"பட்டாத்தானே? இதுக்கு முன்னாடி மட்டும் பட்டுச்சா?" என்றாள் நாத்தனார்.

"அது மருந்து, அக்கா!"

மேஸ்திரி அக்கா அடுப்படிக்குப் போய் முட்டையை அவிக்கப் போட்டாள்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திருந்தவில்லை, தப்பு செய்ததாகவே அவர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கத் தெருவே காத்திருக்கிறது என்று நம்பினார். அது வீண் நம்பிக்கையும் அல்ல. பழைய கூட்டாளிகள் வேண்டுமென்றே புட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து வெளியே போய் நின்றார். திரும்பி வந்து எல்லாரையும் அதே பார்வை பார்த்தார். ஒரு முறை குடித்தாலும் மனைவி ஜெயித்துவிடுவாள். அதைவிடச் சாவதே மேல் என்று நினைத்து அவர் சாகாமல் இருந்தார்.

அந்த வீம்பை அவளும் தணியவிடவில்லை. "குடிச்சீங்களா?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி கேட்டுவைத்தாள்.

அடுத்த ஜூன் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலின் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. எலிக்காரர் இப்போது ஒரு துணிக்கடையின் வாசலில் காவலாளியாக இருக்கிறார். மனைவியோடு பேசுவதில்லை.